உபயப் பணத்தில் மைக் வாங்கப் போனோம்



போன மாதக் கூட்டத்துல ஒரு கேள்வி வந்துச்சு. "பாட்டுப் பதிவுக்குன்னு உபயம் வந்தது 15,000 வெள்ளி. செலவு 2,520 வெள்ளின்னு காட்டியிருக்கீங்க. கடைக்காரர் அன்னதானத்துக்குத் தர்றேன்னு சொன்ன 2,600 வெள்ளியை வேற வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே, ஏன்?" கேட்டவர் கோபமாகத்தான் கேட்டார். அவர் கேட்டது நியாயம். கூட்டத்துல நேரம் இல்லை, நாங்களும் சரியாகப் பதில் சொல்லலை. அதனால் இங்கே முழுசா எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க.

முதல்ல, எதுக்குப் பதிவு செய்ய நினைச்சோம்னு சொல்லிடறோம். நம்ம கோயில்ல மாரியம்மன் தாலாட்டு பாடுற பாட்டியை எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துல இருந்தப்போ அவங்க அம்மா பாடின மெட்டை அப்படியே பாடுவாங்க. அந்த மெட்டு எந்தக் கேசட்டிலும் கிடையாது. ஒரு காலத்துல கோயில் அலமாரியில நாலைஞ்சு கேசட் இருந்துச்சு, பழைய திருவிழாக்களில் பதிஞ்சது. 2006 டிசம்பர்லயும் 2007 ஜனவரியிலயும் கோத்தா திங்கி ரெண்டு தடவை வெள்ளத்துல மூழ்கியதே, அதுல அலமாரியோடு போச்சு. பாட்டிக்கு இப்ப எண்பதைத் தாண்டிடுச்சு. தேவார வகுப்புப் பிள்ளைகள் பாடுறதையும் சேர்த்துப் பதியலாம்னு செயலவையில முடிவு பண்ணினோம். பெயர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கொண்ட ஒரு அம்மா, கணவர் நினைவாக 15,000 வெள்ளி உபயம் தந்தாங்க.

பணம் வந்த செய்தி எப்படித்தான் பரவுமோ தெரியலை. அடுத்த வாரமே ஜொகூர் பாருவிலிருந்து ஒரு கடையின் விற்பனையாளர் வந்துட்டார். கடை பெயர் இங்கே வேண்டாம். நல்ல பையன். செருப்பை வெளியே விட்டு, கால் கழுவி, விபூதி பூசி, அம்மன் முன்னாடி கண்ணை மூடி நின்னார். அப்புறம் எங்களோடு மண்டபத்துல உட்கார்ந்தார். "இது சாமி காரியம்ணே. இதுல நான் லாபம் பார்க்க மாட்டேன்" என்றுதான் பேச்சை ஆரம்பிச்சார்.

அவர் எழுதிக் கொடுத்த பட்டியல் இது: நாலு கண்டென்சர் மைக், 24 சேனல் மிக்ஸர், "2,000 வாட்ஸ்" ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஹெட்போன், ஸ்டாண்டு, வயர், பெட்டி. மைக்கைக் காட்டி, "நியூமன் மாதிரியேதான் இருக்கும்ணே. ரஹ்மான் ஸ்டுடியோ குவாலிட்டி" என்றார். நாங்க மூணு பேரும் தலையாட்டினோம். நியூமன்னா என்னன்னு எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்லவும் வெட்கமாக இருந்துச்சு.

கடைசியில விலைக்கு வந்தார். மொத்தம் 12,400 வெள்ளி. உபயம் 15,000 வந்திருக்குன்னு அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. குரலைத் தாழ்த்தி, "ரசீதுல 15,000னு போட்டுடறேன்ணே. மிச்சம் 2,600ஐ எங்க கடை பேர்ல அன்னதானத்துக்கு நன்கொடையா நானே கொண்டுவந்து கொடுத்துடறேன். போர்டுல ஒரு வரி போட்டா போதும். பணம் சாமிக்குத்தானே போகுது, யாருக்கும் நஷ்டமில்லை" என்றார்.

உண்மையைச் சொல்லிடறோம். நாங்க அப்பவே வேண்டாம்னு சொல்லலை. சரின்னு சொல்லும் நிலைமைக்கு வந்துட்டோம். அரிசி விலை, எண்ணெய் விலை எல்லாம் மனசுல ஓடுச்சு. எங்க பையில ஒரு காசு போகலையே, அப்புறம் என்ன தப்பு? அவரோடு நின்னு படமும் எடுத்துக்கிட்டோம். "பொருளாளர் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றோம்" என்று அனுப்பி வெச்சோம்.

அக்கா பட்டியலைப் படிக்கவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அந்த அம்மா வந்து ரசீதைப் பார்த்து, மைக் செட்டு 15,000 வெள்ளியான்னு கேட்டா, ஆமான்னு சொல்லுவீங்களா?"

யாரும் வாய் திறக்கலை. அந்த அம்மா பாட்டுக்குன்னு கொடுத்த பணத்தை அவங்களுக்குத் தெரியாமல் எடுத்து, அவங்க பெயரையும் எடுத்துட்டு, கடைக்காரர் பெயரில் அன்னதானம் ஆக்குறதுதான் அந்த 2,600 வெள்ளி. தானம் கொடுத்தவங்க பெயர் இல்லாம போய், கொடுக்காதவர் பெயர் போர்டுல ஏறியிருக்கும். அதுக்கு ஒரு பொய் ரசீது வேற, அதுல கோயில் முத்திரையும் விழுந்திருக்கும். கூட்டத்துல கேட்டவருக்கு இதுதான் எங்க பதில்.

அன்னைக்கு ராத்திரி இன்னொரு விஷயமும் ஞாபகம் வந்துச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி அலமாரியில வெச்ச மூணு மைக். ஷூர் எஸ்எம்58 என்று பெயர் போட்டது. 1966ல் வந்த மாடல், இன்னைக்கும் உலகம் முழுக்க மேடையில் பாடுறவங்க கையில பார்க்கலாம். இவ்வளவு பேர் வாங்குறதால போலியும் ஏராளமா செய்யுறாங்க. எங்களுக்கு அது பாதி விலைக்கும் குறைவாகக் கிடைச்சுது. அப்பவே சந்தேகம் இருந்துச்சு. ஆனா மலிவாக வாங்கிட்டோம்னு பெருமையா பேசிக்கிட்டோம். அந்த மாடலின் எடை சுமார் 298 கிராம்னு கம்பெனி அச்சடிச்சிருக்கு. மடப்பள்ளித் தராசுல வெச்சுப் பார்த்தோம். ஒண்ணுகூட 250ஐத் தொடலை. எடை சரியா இருந்துட்டா மட்டும் அசல்னு சொல்லிட முடியாது, ஆனா இவ்வளவு குறைஞ்சா போலிதான். அந்த மூணு மைக்கும் ஒரு குடும்பத்தின் உபயம். பெட்டி மேலே அவங்க பெயரை நாங்கதான் எழுதி ஒட்டியிருக்கோம். போன வாரம் அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டோம். அவங்க திட்டலை. எங்களுக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

அதனால விற்கிறவரை மட்டும் குறை சொல்லி இதை எழுதலை. மலிவா வேணும்னு கண்ணை மூடிக்கிட்டதுல எங்களுக்கும் பங்கு இருக்கு.

இதுக்கப்புறம் கொஞ்சம் படிச்சோம், கேட்டோம். தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றோம். வீட்டுக்கு மைக், ஸ்பீக்கர் வாங்குறவங்களுக்கும் உதவும்.

கண்டென்சர் மைக் தரத்துல குறைஞ்சது இல்லை. நியூமன் யு87 என்பது 1967லிருந்து ஸ்டுடியோக்களில் இருக்கிற ஜெர்மன் மைக். ஆனா அது வேலை செய்ய மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போகணும், சுத்தி இருக்கிற சின்னச் சத்தத்தையும் அது பிடிக்கும். சுவரெல்லாம் பஞ்சு வெச்ச ஸ்டுடியோவுல அது வரம். தகரக் கூரையும் மொசைக் தரையும் காத்தாடியும் இருக்கிற நம்ம மண்டபத்துல, பாட்டி குரலைவிடக் காத்தாடிதான் அதிகம் கேட்கும். விற்பனையாளர் சொன்னதுல பொய்னு ஒரு வாக்கியத்தையும் காட்ட முடியாது. நல்ல மைக்தான். நமக்கு ஆகாத இடத்துக்கு நல்ல மைக். "நியூமன் மாதிரி"ன்னு சொன்னதும் அப்படித்தான். அந்த "மாதிரி"க்குத்தான் நாங்க காசு கொடுக்கப் போனோம்.

வாட்ஸ் கணக்கும் அப்படியே. அமெரிக்காவுல ஆம்ப்ளிஃபையர் விற்கிற கம்பெனிகள் இஷ்டத்துக்கு எண்ணைப் போட்டதால, 1974ல் அரசாங்கமே விதி கொண்டுவந்தது. எத்தனை ஓம்ஸ், எவ்வளவு சிதைவு, தொடர்ந்து எவ்வளவு சக்தி தரும்னு சொல்லித்தான் வாட்ஸ் எண் போடணும். ஐம்பது வருஷம் கழிச்சு 2024ல் அதை மறுபடி இறுக்க வேண்டியிருந்தது. இன்னொண்ணு, வாட்ஸ் இரண்டு மடங்கானா சத்தம் இரண்டு மடங்கா கேட்காது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்குன்னு தோணணும்னா ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேணும். பெட்டியில 2,000னு பெரிய எழுத்துல போட்டிருந்தா, எப்படி அளந்த 2,000ன்னு கேளுங்க.

பெரிய பெயரும் எப்பவும் காப்பாத்தாது. ஸ்டுடியோவுல எதிரொலி சேர்க்கிற கருவிகளுக்குப் பேர்போன கம்பெனி லெக்சிகன். 2010ல் அவங்க 3,500 டாலருக்கு ஒரு புளூரே பிளேயர் விற்றாங்க. ஒருத்தர் திறந்து பார்த்தா, உள்ளே 499 டாலருக்கு விற்ற ஓப்போ பிளேயர், அதுவும் அடித்தட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்துச்சு. ஆன்லைன்ல பெரிய சிரிப்பாச்சு.

அதேபோல, மலிவுன்னாலே திருட்டுன்னும் சொல்லிட முடியாது. மேக்கி என்ற அமெரிக்கக் கம்பெனி, எங்க மிக்ஸரை நகல் எடுத்துட்டாங்கன்னு 1997ல் பெரிங்கர் கம்பெனி மேல வழக்குப் போட்டது. இங்கிலாந்துல நடந்த வழக்குல 1999ல் நீதிமன்றம், சர்க்யூட் படத்தைப் பார்த்து அதே சர்க்யூட்டைச் செய்யுறது காப்புரிமை மீறல் ஆகாதுன்னு சொல்லிடுச்சு. அது சரியா தப்பான்னு இன்னும் சண்டை போடுறாங்க. ஆனா பெரிங்கர் தன் பெயரைப் போட்டுத்தான் வித்தது. எங்க அலமாரியில இருந்த மைக் அடுத்தவர் பெயரைப் போட்டிருந்துச்சு. குறைஞ்ச விலைப் பொருளை அதன் சொந்தப் பெயரில் வாங்குறதுல அவமானம் இல்லை.

சரி, கதைக்கு வர்றோம். டவுன்ல ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிற ஒரு வயசான தவுக்கே இருக்கார். போலி மைக்கை எடுத்துக்கிட்டு அவர்கிட்டப் போனோம். பட்டியலையும் காட்டினோம். அவர் ஒண்ணும் விற்கப் பார்க்கலை. மலாய்ல நாலு கேள்வி கேட்டார். யார் பாடுறாங்க? ஒரே நேரத்துல எத்தனை பேர்? கேட்கிறவங்க எதுல கேட்பாங்க? கருவியை இயக்கப் போறது யார்?

பாட்டி, கூட உடுக்கை ஒண்ணு, கேட்கிறவங்க போன்ல, இயக்குறது யுனிவர்சிட்டியில படிக்கிற நம்ம பிள்ளைங்க ரெண்டு பேர். இதைச் சொன்னதும், "அப்போ 24 சேனல்ல மிச்சம் 22ல என்ன வைப்பீங்க?"ன்னு சிரிச்சார்.

ஒரு சாயங்காலம் தன் மோட்டார் சைக்கிள்ல கோயிலுக்கே வந்தார். மண்டபத்து நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டினார். சத்தம் சுத்திச் சுத்தி வந்து அடங்குறதைக் கேட்டார். "இதை மைக் வாங்கிச் சரிபண்ண முடியாது, துணியால பண்ணலாம்"னார். திருவிழாவுக்குக் கட்டுற திரைச்சீலை, கல்யாணத்துக்கு விரிக்கிற கம்பளம் எல்லாம் நம்மகிட்டயே இருக்கே. மைக்கை வாய்கிட்டக் கொண்டுவரச் சொன்னார். மைக் இருக்கிற தூரம் இரண்டு மடங்கானா, நேரா வர்ற குரல் 6 டெசிபல் வரை குறையும். ஆனா மண்டபத்து எதிரொலி குறையாது. அதான் தூரத்துல வெச்சுப் பதிஞ்சா கிணத்துக்குள்ள பாடுற மாதிரி கேட்குது.

கடைசியா அவர் சொன்னபடி வாங்கினது: ரெண்டு சேனல் ஆடியோ இண்டர்ஃபேஸ் 780 வெள்ளி, அசல் டைனமிக் மைக் ரெண்டு 1,040, ஸ்டாண்டு ரெண்டு 190, வயர் 120, ஹெட்போன் 390. ஆக மொத்தம் 2,520 வெள்ளி. லேப்டாப் பிள்ளைகளோடது, ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். மைக் ரெண்டும் அவர் கடையில இல்லை, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்கிட்டப் போய் வாங்கச் சொல்லிட்டார். வயரும் ஸ்டாண்டும் மட்டும்தான் அவர்கிட்ட வாங்கினோம். அவருக்கு இதுல கிடைச்சது என்னன்னு கணக்குப் போட்டா எங்களுக்கே கூச்சமா இருக்கு. ஆனா அதுக்கப்புறம் கோயில் ஆம்ப்ளிஃபையர் பழுது, ரெண்டு வீட்டு ரேடியோ, பக்கத்து ஊர்க் கோயில் வேலை எல்லாம் அவர்கிட்டத்தான் போகுது.

வள்ளுவர் வணிகர்களைப் பற்றிச் சொல்லும் குறளை நடுவுநிலைமை அதிகாரத்தில்தான் வெச்சிருக்கார். தேவார வகுப்புல பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறப்போ ஏன் அங்கே வெச்சார்னு நாங்க யோசிச்சதே இல்லை. விற்கிறவருக்குத் தெரியும், வாங்குறவருக்குத் தெரியாது. அந்த இடத்துல தராசைப் பிடிச்சிருக்கிறது அவர் ஒருத்தர்தான்.

பதிவுன்னதும் இன்னொண்ணும் சொல்லணும். நாம தினமும் காலையில கேட்கிற சுப்ரபாதம், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா பாடி 1963ல் எச்எம்வி இசைத்தட்டா வந்தது. அதுல வர்ற ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. கொடுக்கிறதை வெளிப்படையா, தன் பெயரிலேயே, தனக்கு உரியதிலிருந்து கொடுத்தாங்க. "சாமிக்குத்தானே போகுது"ன்னு எங்ககிட்டச் சொன்னப்போ, இதைத்தான் நாங்க நினைச்சுப் பார்த்திருக்கணும்.

பதிவு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பூஜை முடிஞ்சு நடந்தது. காத்தாடி, ஐஸ்பெட்டி எல்லாத்தையும் நிறுத்தினோம். கதவை அடைச்சுத் திரையைத் தொங்க விட்டோம். வேர்த்துக் கொட்டுச்சு. பாட்டி மைக்கைப் பார்த்து, "இது என்னய்யா, மூஞ்சிகிட்டயே கொண்டாந்து வெக்கிறீங்க"ன்னு திட்டினாங்க. அப்புறம் கண்ணை மூடி ஆரம்பிச்சவங்க நாற்பது நிமிஷம் நிறுத்தலை. நடுவுல ஒரு செம்பனை லோரி ரோட்டுல போச்சு, அந்தச் சத்தம் பதிவுல இருக்கு. பிள்ளைகள் வெட்டிடலாமான்னு கேட்டாங்க. அந்த இடத்துல பாட்டி பாடின வரி மறுபடி வராது, அதனால் அப்படியே விட்டுட்டோம்.

இனிமேல் கோயிலுக்கு எந்தக் கருவி வாங்கினாலும் இப்படித்தான்னு செயலவையில எழுதி வெச்சிருக்கோம்:

விலை மூணு இடத்துல கேட்கணும். ரசீதுல மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கணும். தள்ளுபடி எவ்வளவு சின்னதா இருந்தாலும் ரசீதுலயே தெரியணும். பொருள் விற்கிறவர்கிட்ட அந்த விற்பனை முடியும் வரைக்கும் நன்கொடை வாங்கக் கூடாது. முடிஞ்சா பொருளை நம்ம மண்டபத்துல வெச்சுக் கேட்டுப் பார்த்துட்டு வாங்கணும். உபயம் தந்தவங்களுக்கு ரசீதின் நகல் போகணும்.

வீட்டுக்கு வாங்கி ஏமாந்தவங்க சும்மா இருக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல, பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். மூணு வருஷத்துக்குள்ள போகணும். ரசீது மட்டும் பத்திரமா வெச்சிருங்க.

கடைசியா ரெண்டு வேண்டுகோள். அந்த விற்பனையாளர் பையன் யாருன்னு தேட வேண்டாம், கடை பெயரைக் கமெண்ட்ல போட வேண்டாம். மாசக் கடைசியில இத்தனை வித்தே ஆகணும்னு கணக்கு வெச்சு, கமிஷன்ல பிழைக்கிற பிள்ளை அவர். எங்ககிட்டச் சொன்ன மாதிரி வேற எத்தனை கோயில்ல சொல்லி, எத்தனை பேர் சரின்னாங்களோ. நாங்களே சரின்னு சொல்லத்தான் இருந்தோம். போனைப் போட்டு வேண்டாம்னு சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பரவாயில்லைண்ணே"ன்னார். ஆடிப் பூரத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்கோம்.

இன்னொண்ணு, மீதி 12,480 வெள்ளி. அது கோயில் கணக்குல தனியா இருக்கு, யாரும் தொடலை. உபயம் தந்த அம்மாவைக் கேட்டோம். "பாட்டுக்குன்னுதான் கொடுத்தேன். வேற தாத்தா பாட்டி யாராவது பாடுறவங்க இருந்தா அவங்களையும் பதிஞ்சு வைங்க. அப்படி யாரும் இல்லைன்னா அப்புறம் பேசலாம்"னாங்க. அதனால் கேட்கிறோம். சுத்துவட்டாரத் தோட்டங்கள்ல, உங்க வீட்டுல, பழைய மெட்டுல தாலாட்டோ கும்மியோ கரகப் பாட்டோ பாடுற பெரியவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நாங்களே மைக்கைத் தூக்கிட்டு வர்றோம். காத்தாடியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தணும்.

ரசீதுகள் எல்லாம் கோயில் அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்கு. வர்ற ஞாயிறு காலைப் பூஜைக்கு அப்புறம் மண்டபத்துல பாட்டியின் பதிவைப் போடப் போறோம். கூட்டத்துல கேள்வி கேட்டவர் அவசியம் வரணும். அவர் கேட்கலைன்னா இதையெல்லாம் நாங்க எழுதியிருக்க மாட்டோம்.

ஓம் சக்தி.